சுங்கானும் சுவையும்

1907ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் டியூக் வீதியிலே அல்பிரட் டன்ஹில் என்பவர் ஒரு புகையிலைக் கடையைத் திறந்தார். குதிரைச் சேணம் செய்யும் குடும்பத் தொழிலிற் பழகியவர் அவர். மோட்டார் வண்டிகள் வீதிக்கு வந்ததும் அவ்வண்டியோட்டிகளுக்கு வேண்டிய பொருள்களை விற்றவர். புகையிலைக்கு அவர் புதியவர். எனினும் அக்கடையில் அவர் ஏற்படுத்திய ஒரு வழக்கம், சுவை என்பது யாது, தரம் என்பது யாது என்ற பழைய வழக்குக்கு நல்லதொரு சான்றாக நிற்கின்றது.

கடைக்கு வரும் ஒருவர் தமக்கு எவ்வகைப் புகை பிடிக்கும் என்பதைச் சொல்வார். இனிப்பாக வேண்டும் என்பார் ஒருவர். வயிற்றைக் கலக்காத மென்மை வேண்டும் என்பார் மற்றொருவர். நெருப்படியிற் கிடந்த விறகு மணம் வேண்டும் என்பார் இன்னொருவர். கடைக்காரர் பல நாட்டு இலைகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, புகைத்துப் பார்க்கச் செய்து, குறைத்துங் கூட்டியும் ஒரு கலவையை அமைப்பார். அதன் விகிதம் ஒரு பேரேட்டிலே எண்ணிட்டு எழுதப்படும். அடுத்த முறை அவ்வாடிக்கையாளர் தம் எண்ணைக் கூறினாற் போதும். அதே கலவை நிறுத்துக் கொடுக்கப்படும். ‘என் கலவை’ என்பதே அப்பேரேட்டின் பெயர்.

அவ்வழக்கத்தில் இருவர் பொறுப்பும் தெளிவாகப் பிரிந்திருந்தமையைக் கவனித்தல் வேண்டும். எந்த இலை எவ்வளவு என்பதைத் தீர்ப்பவர் வாடிக்கையாளர்; அதிற் கடைக்காரருக்கு வழக்கில்லை. ஆனால் அந்த இலை பழுதற்றதாய், நன்கு பாடம் செய்யப்பட்டதாய், சென்ற மாதம் கொடுத்ததை ஒத்ததாய் இருத்தல் கடைக்காரரின் கடன். முன்னையது சுவை, பின்னையது தரம். குழம்பிற் காரம் கூடிற்றா குறைந்ததா என்பதில் ஒரு வீட்டினுள்ளேயே நால்வர் நான்கு விதமாகப் பேசலாம். பூஞ்சணம் பிடித்த மிளகாயை எடுத்துவைத்துக்கொண்டு, ‘இதுதான் என் சுவை’ என்று எவரும் வாதாடுவதில்லை. இவ்வளவு எளிதான வேறுபாடு, புகையிலை என்று வந்தவுடன் பலருக்கு மறந்துபோவதுதான் வியப்பு. தமக்குப் பிடித்ததை உயர்ந்தது என்பார். பிடியாததைக் குப்பை என்பார்.

தரம் எங்கிருந்து தொடங்குகின்றது? வயலிலிருந்தும், அதனினும் மேலாகப் பாடம் செய்யும் கொட்டகையிலிருந்தும் தொடங்குகின்றது. சுங்கான் கலவைகளுக்கு அடிப்படையாய் அமைவது பெரும்பாலும் வேர்ஜீனியா எனப்படும் மஞ்சள் இலை. அம்மஞ்சள் நிறம் வந்த கதை கேட்கத்தக்கது. 1839ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினாவில், கஸ்வெல் என்னும் பகுதியில், ஏபிஷா சிலேட் என்பவரின் பண்ணையில் ஸ்டீபன் என்ற அடிமை இளைஞன் இரவிலே கொட்டகை நெருப்பைக் காத்திருந்தான். கண்ணயர்ந்துவிட்டான். விழித்தபோது நெருப்பு அணையும் நிலை. அஞ்சி ஓடி, கொல்லுலைக்கென வைத்திருந்த கரித்தணலை அள்ளிவந்து கொட்டினான். கரிக்குப் புகையில்லை, வெப்பம் மாத்திரம் சடுதியாக ஏறிற்று. தொங்கிய இலைகள் கபில நிறம் கொள்ளாமல் பொன்மஞ்சளாயின. தற்செயலாய் நேர்ந்ததைச் சிலேட் மீண்டும் மீண்டும் செய்து முறையாக்கினார். பின்னர் உலோகக் குழாய்கள் வழியே புகையின்றி வெப்பம் செலுத்தும் முறை பரவிற்று. விரைந்து உலர்வதனால் இலையிலுள்ள சர்க்கரை அழியாமல் நின்றுவிடுகின்றது. வேர்ஜீனியாவின் இனிப்புக்குக் காரணம் இதுவே. அவ்வட்டாரத்தார் அந்த இலையாற் செல்வராயினர். அதனைக் கண்டவனுக்கு ஸ்டீபன் என்ற பெயரொன்றே வரலாற்றில் எஞ்சியது.

பேர்லி என்னும் இலை இதற்கு மறுதலை. கென்டக்கிப் பகுதியில் மிகுதியாக விளைவது. காற்றிலே பல வாரம் மெல்ல உலர்த்தப்படுவது. அவ்வாறு உலர்கையிற் சர்க்கரை செலவாகிவிடும். ஆகவே இனிப்பு இராது. ஆனால் ஊற்றும் பாகையும் வாசனையையும் பஞ்சு போல் உறிஞ்சிக்கொள்ளும். துருக்கி, மாசிடோனியாப் பகுதிகளின் சிறு இலைகள் வெயிலில் உலர்பவை, நறுமணத்துக்குச் சேர்க்கப்படுபவை. அமெரிக்காவின் லூயிசியானாவிலே சென். ஜேம்ஸ் என்னும் சிறு பகுதியிற் பெரீக் என்றோர் இலை உண்டு. அதனை மரப்பீப்பாக்களில் அடைத்து, பாரங் கொண்டு அழுத்தி, தன் சாற்றிலேயே ஓராண்டளவு புளிக்கவைப்பர். இடையிடையே அழுத்தத்தைத் தளர்த்தி, இலையைப் புரட்டி, மறுபடியும் அழுத்துவர். உலர்ந்த கொடிமுந்திரியும் மிளகும் சேர்ந்தாற்போன்ற மணம் அதற்கு. சமையலுக்குப் பெருங்காயம் எப்படியோ கலவைக்குப் பெரீக் அப்படி. நுள்ளளவு போதும், தனியே புகைக்கத் துணிவார் சிலரே.

வழக்கெல்லாம் பெரும்பாலும் எழுவது லத்தாக்கியாவைப் பற்றியே. சிரியா நாட்டுத் துறைமுகம் ஒன்றின் பெயர் அது. அப்பகுதியில் இலையைக் கொட்டகையிற் கட்டித் தொங்கவிட்டு, கீழே மரமும் மணச்செடிகளும் எரித்து, மாதக்கணக்கிற் புகையூட்டுவர். இலை கருமை அடையும். தார் மணமும், தோல் மணமும், வேள்விப் புகை மணமும் கலந்தாற்போன்ற ஒரு வாசம் பிறக்கும். யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு இது புதுமையன்று. தேங்காய் மட்டை எரித்துக் குடிலிலே புகையிலைக்குப் புகைபோடும் வழக்கம் குடாநாட்டிலே நெடுங்காலம் இருந்துவந்தது. அவ்வாறு பாடஞ் செய்த இலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிச் சென்றது. புகைக் குடிலின் ஓரமாய் வளர்ந்தவனுக்கு அம்மணம் ஊரின் மணம். அயலூரிலிருந்து வந்தவனுக்கு அதுவே மூச்சைத் திணறடிப்பது. லத்தாக்கியாவும் அத்தகையதே. அதனை விரும்புவோர் அது சேராத கலவையைப் பத்தியக் கஞ்சி என்பர். வெறுப்போர், எரிந்த வீட்டில் நிற்பது போன்றது என்பர். இருவருள் எவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நன்றாகப் புகையேறிய லத்தாக்கியா, அரைகுறையாய்ப் புகையேறியது என்று இரண்டு உண்டு; இதனை வெறுப்பவருங்கூட அவ்வேறுபாட்டை முகர்ந்து சொல்லிவிட முடியும். தரம் என்பது பகைவனும் ஒத்துக்கொள்ளக்கூடியது என்று வேண்டுமானாற் கூறலாம்.

இனி, புகையிலையின் மேற் சுமத்தப்படும் பழிகளுட் பாதி, புகைப்பவர் கைக்கு உரியது. இலையில் ஈரம் மிகுந்தால் நீராவி நாக்கைச் சுடும். உலர்ந்து சருகானாற் சடசடவென எரிந்து அதுவும் சுடும். சுங்கானின் அடியில் இளக்கமாகவும் மேலே சற்று இறுக்கமாகவும் நிரப்புதல் வேண்டும். புதிதாய்ப் பழகுவோர் இதனைத் தலைகீழாய்ச் செய்து, புகை வாராமையால் வலிந்திழுத்து, நாக்கெரிந்து, பெட்டியைத் தூக்கி எறிவர். சுங்கான் அகலின் உட்புறத்தில் முன்பு புகைத்த கலவையின் மணம் கரிப்படையோடு ஒட்டியிருக்கும். லத்தாக்கியா புகைத்த சுங்கானில் மெல்லிய வேர்ஜீனியாவை இட்டாற் புதியதன் குணம் தெரியவே மாட்டாது. அத்துடன், சுவை எனப் பேசப்படுவதிற் பெரும்பங்கு மூக்கினுடையது. நாக்கு அறிவன இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு போன்ற சிலவே. மற்றவை வாயின் பின்புறமாக ஏறி மூக்கை அடையும் மணங்கள். தடிமன் பிடித்தவன் எக்கலவையைப் பற்றியும் தீர்ப்புக் கூறத் தகுதியற்றவன்.

கையையும் மூக்கையும் கடந்து காதும் இவ்விடயத்தில் குறுக்கிடும். ‘பீற்றர் பான்’ நாடகத்தால் உலகறிந்த ஜே. எம். பேரி, அதற்கு முன்னரே, 1890இல், ‘மை லேடி நிக்கொட்டின்’ என்ற நூலை வெளியிட்டார். அதிலே ஆர்க்கேடியா என்றொரு கற்பனைக் கலவை வருகின்றது. நண்பர் கூட்டம் ஒன்று அதனைத் தெய்வப் பிரசாதம் போற் போற்றுகின்றது. வேறெதையும் புகைப்பவரை இரங்கத்தக்கவராய் எண்ணுகின்றது. பேரி நகைச்சுவையாகவே எழுதினார். வாசித்தவர்களோ அக்கலவை யாது என்று தேடத் தொடங்கினர். கரேராஸ் கடையின் கிரேவன் கலவையே அது எனப் பின்னர் வெளியாகியது. அந்நிறுவனம் அதனை விளம்பரத்திற் பாவித்துக்கொண்டது. நூலைப் படித்துவிட்டு அக்கலவையை வாங்கியவர் வாயில் முதலிற் பட்டது இலையா, எழுத்தாளனின் சொல்லா? பிறர் புகழ்ந்தது தம் நாவுக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாய்ச் சொல்வதற்குச் சிறிது நெஞ்சுரம் வேண்டும். டன்ஹில் கடைப் பேரேட்டின் சிறப்பும் அதுதான். அதிலே ஒவ்வொருவரும் தமக்கென ஓர் எண். பிறர் எண்ணைக் கண்டு நாணவேண்டியதில்லை.

இங்கிலாந்திலே புகையிலையுடன் வேறு பொருள் சேர்ப்பதைச் சட்டம் நெடுங்காலம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. ஆகவே அந்நாட்டுக் கலவைகள் இலையின் இயல்பையே நம்பி நின்றன. அமெரிக்கரும் டென்மார்க் நாட்டவரும் வனிலா, செறிப்பழம், மதுவகை முதலியவற்றின் வாசனையைத் தாராளமாகச் சேர்த்தனர். இதனால் இரு கட்சிகள் எழுந்தன. வாசனையூட்டியது யாவும் இழிந்தது என்பது ஒரு கட்சியாரின் கொள்கை. அது மிகைக் கூற்று. வாசனை சேர்த்தல் குற்றமன்று. அழுகலை மறைக்க வாசனை சேர்த்தலே குற்றம். பழுதான மீனுக்குப் புளியை அள்ளி விடுவதும், நல்ல மீனுக்கு அளவறிந்து புளி விடுவதும் ஒன்றாகா. எனினும் வாசனை மிகுந்த கலவையிற் குறையை ஒளித்தல் எளிது என்பதையும் மறுத்தற்கில்லை. அங்கே வாங்குபவர் கண்ணும் மூக்கும் கூர்மையாயிருத்தல் நன்று.

நல்ல புகையிலை என்ற சொற்றொடரில் ‘நல்ல’ என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அதனை நாக்கு அறியமாட்டாது. சுங்கான் புகையைப் பெரும்பாலோர் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. ஆகவே அது தீங்கற்றது என்ற எண்ணம் பலரிடம் இருந்தது. 1950இல் டொல், ஹில் என்னும் ஆங்கில ஆய்வாளர் இருவர் சிகரட்டுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினர். 1964இல் அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை வைத்திய அதிகாரி வெளியிட்ட அறிக்கை, சுங்கான் புகைத்தல் உதட்டுப் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்றும் கூறிற்று. மிகச் சிறந்த முறையிற் பாடம் செய்த இலையும், மிகத் தேர்ந்த கலவையும் இவ்விடயத்தில் மட்டமான இலையினின்றும் வேறுபடுவதில்லை. கொட்டகைக்காரன் அறிந்த தரமும், கடைக்காரன் காத்த தரமும் புகைப்பவன் உடம்புக்குக் காப்பாவதில்லை. இதனை அறிந்த பின்னும் புகைப்பவர் உளர். அறியாமற் புகைத்தவர் பலர்.

மீண்டும் டியூக் வீதிப் பேரேட்டுக்கு வருவோம். அதன் எண்களுள் 965 என்பது பெரும் புகழ் பெற்றது. ஒருவர் நாவுக்கென அமைந்த விகிதம், தகரப் பெட்டியில் அடைக்கப்பட்டுக் கடல் கடந்த நாடுகளிலும் விற்பனையாயிற்று. வேர்ஜீனியாவும், கீழைநாட்டு இலையும், லத்தாக்கியாவும் சேர்ந்த கலவை அது. காலம் செல்லச் செல்ல அதனைத் தயாரிக்கும் இடம் இலண்டனிலிருந்து பெல்பாஸ்டுக்கும், பின்னர் டென்மார்க்குக்கும் மாறிற்று. இதற்கிடையே சிரியாவில் மரம் வெட்டிப் புகையூட்டுதல் காடுகளுக்கு ஊறு செய்தமையால் அங்கு லத்தாக்கியா குன்றிப்போக, சைப்பிரஸ் தீவின் இலை அவ்விடத்துக்கு வந்தது. பெயர் லத்தாக்கியா என்பதே. இலையும் வேறு, எரிக்கும் செடியும் வேறு. 2018இல் டன்ஹில் என்ற பெயரே சுங்கான் புகையிலைப் பெட்டிகளிலிருந்து நீங்கிற்று. பீற்றர்சன் என்ற பெயருடன் அக்கலவைகள் மறுபடி வெளிவந்தன. 965 என்ற எண் மாத்திரம் மாறவில்லை.

ஒவ்வொரு மாற்றத்தின் போதும் பழைய வாடிக்கையாளர், ‘முன்பிருந்தது போல் இல்லை’ என்றனர். உண்மையாய் இருக்கலாம். ஆனால் முப்பது ஆண்டுகளில் மனிதனின் மூக்கும் மாறுகின்றது. முதுமையும் புகையும் சேர்ந்து முகரும் ஆற்றலை மழுக்கிவிடுகின்றன. மாறியது இலையா, மூக்கா என்பதைத் தீர்க்க விரும்புவோர், இலண்டனில் அடைக்கப்பட்டு இன்னமும் திறவாத பழைய பெட்டி ஒன்றை அதிக விலை கொடுத்து வாங்கி, புதியதன் பக்கத்தில் வைத்துப் புகைத்துப் பார்க்கின்றனர். பழைய பெட்டியினுள் இருக்கும் புகையிலையும் அத்தனை ஆண்டுகள் சும்மா இருக்கவில்லை. வேர்ஜீனியாவின் இனிப்பு மூடிய பெட்டிக்குள் ஆண்டாண்டாய்ப் பழுத்து ஆழ்ந்திருக்கும். லத்தாக்கியாவின் வேகம் தணிந்திருக்கும். இலண்டன் கடையிற் புதிதாய் வாங்கியவர் புகைத்தது அதுவன்று. இரண்டு சுங்கான்களையும் மேசைமேல் வைத்து, ஒருவர் பழையதே மேல் என்பார். எதிரே இருப்பவர் புதியதே மேல் என்பார். ஒப்பிடவேண்டிய மூன்றாவது பெட்டி எங்குமில்லை.