அச்சிட்ட கையேடும் இணையவழி உதவியும்

(தஞ்சை மாவட்ட விவசாயிகள் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் கிராம நிர்வாகத்தில் கம்ப்யூட்டர் நிலையான இடம் பெற்றுவிட்டது. 2018-இல் தமிழக அரசு உழவன் செயலியை வெளியிட்டது. 2020 ஏப்ரல் 24-இல் மத்திய அரசின் இ-கிராம் சுவராஜ் தொடங்கப்பட்டது. பஞ்சாயத்தின் திட்டங்களும் கணக்குகளும் அதில் பதிவாகின்றன. இவற்றை இயக்கும் முறையைச் சொல்லும் வழிகாட்டி, காகிதத்தில் இருப்பது நலமா, இணையத்தில் இருப்பது நலமா? இதுவே இன்று நாம் ஆராய வேண்டிய விஷயம்.

முன்பெல்லாம் மென்பொருள் வாங்கினால் பெட்டியோடு தடித்த கையேடும் வரும். இணையம் பரவிய பின் அவ்வழக்கம் அருகிவிட்டது. அச்சுச் செலவு மட்டுமே அதற்குக் காரணமன்று. ஆடுதுறை 36 நெல்லின் வயது சுமார் 110 நாட்கள் என்று நூலில் அச்சிட்டால், அது பல்லாண்டு பொருந்தும். மென்பொருள் அத்தகையதன்று. இன்று ஓரிடத்தில் இருக்கும் பொத்தான் அடுத்த மாதம் வேறிடத்துக்குப் போகலாம்; புதிய விவரம் ஒன்றைக் கேட்கலாம். அச்சிட்ட பக்கம் அதனை அறியாது. இணையவழி உதவியை அன்றே திருத்திவிடலாம். இது அதன் பெருஞ்சிறப்பு.

ஆயினும், 2018 நவம்பர் 16-ஆம் நாளை நம் பகுதி மறக்க முடியாது. அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் மின்சாரமும் செல்போன் தொடர்பும் நாட்கணக்கில் தடைப்பட்டன. இத்தகைய வேளையில் இணையவழி உதவி எவ்வளவு சிறந்ததாயினும் கைக்கு எட்டாது. சம்பாப் பயிர்க் காப்பீட்டுப் பதிவு நடைபெறுவதோ வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். ஓர் ஆவணம் குறைந்ததால் திரும்பிச் சென்று, அதற்குள் கெடு முடிந்துவிட்டால், அந்தப் போகம் முழுவதும் காப்பீடின்றி நிற்கும்.

ஆகவே, மாறாதவற்றைக் காகிதத்தில் வைப்போம். மாறுபவற்றை இணையத்தில் பார்ப்போம். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புத்தகம் ஆகியவை தேவை என்பதையும், எந்த அலுவலகத்தை அணுகுவது என்பதையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டலாம். மென்பொருளின் கையேட்டைப் பதிவிறக்கம் செய்து, வேண்டிய பக்கங்களை மட்டும் அச்சிட்டுக் கோப்பில் வைக்கலாம். அதன் முகப்பில் அச்சிட்ட மாதமும் ஆண்டும் குறிக்கப்படுதல் அவசியம். தேதியில்லாத கையேடு, நாள் குறிக்காத விதை மூட்டைக்கு ஒப்பாகும். ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு, ஊரில் படித்த இளைஞர் ஒருவர் அதனை இணையத்துடன் ஒப்பிட்டு, மாறியதைத் திருத்த வேண்டும். கடைசித் தேதியை மட்டும் பழைய தாளை நம்பி முடிவு செய்யலாகாது.

இணையம் இல்லாத போதும், தொலைபேசி இயங்கினால் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே விளக்கம் பெறலாம். 2004 முதல் இச்சேவை நடைபெறுகிறது, கட்டணம் இல்லை. இந்த எண்ணையும் அதே சுவரில் எழுதிவையுங்கள்.

மழைக்கு முன்பே வாய்க்காலைத் தூர் வாருகிறோம் அல்லவா? இந்தக் கோப்பையும் மழைக்கு முன்பே ஆயத்தம் செய்து வைக்குமாறு தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.