களத்து வெயிலும் கூடாரத்து வெயிலும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஒரு குழுவின் பிரதிநிதி பேசியது)



'அன்றாட வாழ்வில் சூரிய சக்தி' என்று ஒரு துண்டுச் சீட்டில் தலைப்பு எழுதிக் கொடுத்தார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இராமநாதபுரம் சீமையில் பிறந்தவளுக்கு வெயிலைப் பற்றிப் பாடம் வேணுமா? வடகம், மோர்மிளகாய், கருவாடு, நெல்லு, உப்பு எல்லாமே வெயில் செய்து கொடுக்கிற வேலைதானே. கமுதிப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், 2016-இல் வந்த 648 மெகாவாட் மின் நிலையம், கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் பேனல்தான். நம்ம ஊரு வெயிலுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கு. அந்த வெயிலை நம்ம மிளகாய்க்கு ஒழுங்காப் பயன்படுத்த எங்கள் குழு பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

நம்ம குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைச்சது எல்லாருக்கும் தெரியும். பெயர் கிடைச்சா மட்டும் போதுமா? பழத்தைப் பறித்துக் களத்தில் கொட்டினால் காய எட்டு பத்து நாள் ஆகும். மாசிப் பனி இறங்கும், சாயங்காலம் அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போடணும். காலையில் திரும்பப் பரப்பணும். ஆடு, கோழி, தூசி எல்லாம் உண்டு. இடம் இல்லாதவர்கள் தார் ரோட்டிலேயே காயப்போடுவோம், மேலே வண்டி ஓடும். பங்குனியில் ஒரு கோடை மழை பெஞ்சா முடிஞ்சுது. எங்கள் குழுவில் ஒரு அக்காவுக்கு அப்படி ஒரே ராத்திரியில் ஒரு பறிப்பு முழுவதும் நனைந்து, பாதி சோடையாகிவிட்டது. வியாபாரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். அந்த மாசத் தவணையை அக்கா தோட்டை அடகு வைத்துத்தான் கட்டினார்.

இன்னொண்ணும் இருக்கு. ஈரத்தோடு கிடக்கும் வத்தலில் பூஞ்சணம் பிடித்தால் 'அஃப்ளடாக்சின்' என்கிற விஷம் உண்டாகும். கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் அது முழுசாப் போகாது. ஏற்றுமதிக்கு வாங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் சோதிக்கிறார்கள். வெளிநாட்டுக்காரனுக்கு ஆகாதது நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் ஆகுமா?

இதற்குத்தான் சூரிய கூடார உலர்த்தி போடலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் உண்டு. மீதிக்குக் கடன். கூட்டத்தில் 'வேண்டாம்' என்று முதல் ஆளாகக் கை தூக்கினது நான்தான். தீர்மான நோட்டில் இன்னும் இருக்கு.

காரணம் எங்கள் வீட்டு சோலார் விளக்கு. வாங்கின புதிதில் ராத்திரி முழுக்க எரிந்தது. இரண்டாம் வருஷம் எட்டு மணிக்கே மங்கிப் போச்சு. 'சோலாரே ஏமாத்து வேலை' என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பிறகு ஐடிஐ படித்த அண்ணன் மகன் வந்து பார்த்தான். பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் சொட்டுக்கூட இல்லை. மாடிக்குப் போனான், பேனல் மேல் எங்க அத்தை துணி விரித்து வடகம் காயப்போட்டிருந்தார்கள்! "பலகை சூடா இருக்குய்யா, வெரசாக் காயுது" என்கிறார்கள். பேனலில் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே கரண்ட் வெகுவாகக் குறைந்துவிடும் என்று அவன் சொன்ன பிறகுதான், குற்றம் சூரியன் மேல இல்லைன்னு எனக்குப் புரிஞ்சது. அடுத்த கூட்டத்தில் என் எதிர்ப்பை நானே வாபஸ் வாங்கினேன். அதுவும் நோட்டில் இருக்கு.

கூடாரம் வந்தது. பாலிகார்பனேட் தகடு போட்ட குடிசை மாதிரி இருக்கும். வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. உச்சி நேரத்தில் உள்ளே 60 டிகிரி வரை ஏறும். ஒரு சின்ன பேனலில் ஓடுகிற விசிறி ஈரக் காற்றை வெளியே தள்ளும். இவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

இதில் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சூடு வீணாகக் கூடாதென்று காற்றுப் போகிற வழியை எல்லாம் சாக்கு வைத்து அடைத்தோம்! தட்டில் இரண்டு விரல் கனத்துக்குப் பழத்தைக் குவித்தோம். மூன்றாம் நாள் திறந்தால் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுது, பழம் வேகவைத்தது மாதிரி கிடக்கு, அடித்தட்டில் பூஞ்சணம். அந்தப் பழம் யாருடையது என்கிறீர்கள்? அதே அக்காவுடையது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து கெட்டதைத் தனியே பொறுக்க ஆரம்பித்தார். நாங்கள் பன்னிரண்டு பேரும் நின்னது நின்னபடி நின்றோம்.

அன்று சாயங்காலமே கூட்டம் போட்டோம். "அவங்க பழம், அவங்க நட்டம்" என்று இரண்டு பேர் சொன்னார்கள், மறைக்க வேண்டியதில்லை. சாக்கை அடைத்தது எல்லாருடைய கையும்தானே என்று பேசிப் பேசி, நட்டத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தோம். அந்த இரண்டு பேரும் கடைசியில் கையெழுத்துப் போட்டார்கள். கூடாரம் நின்றது அந்தக் கையெழுத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது காம்பு கீழே தெரிகிற மாதிரி ஒற்றை அடுக்காகப் பரப்புகிறோம். காற்று வழியை அடைப்பதில்லை. ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது, சூடு 65-ஐத் தாண்டினால் பழம் கறுத்து நிறம் போய்விடும், அதனால் கதவைத் திறந்துவிடுவோம். களத்தில் எட்டு பத்து நாள் எடுத்தது இங்கே நாலு ஐந்து நாளில் முடிகிறது. வத்தலை ஆட்டினால் விதை கலகலவென்று சத்தம் கேட்கணும், அதுதான் எங்கள் அளவு. நாலு கிலோ பழத்துக்குச் சுமார் ஒரு கிலோ வத்தல், அது மாறவில்லை. சோடை கழிவதுதான் குறைந்தது. மிளகாய் இல்லாத மாசத்தில் முருங்கைக்கீரை, கறிவேப்பிலை. கீரையை மட்டும் நேர் வெயில் படாமல் துணி மூடிக் காயவைக்கணும், இல்லாவிட்டால் பச்சை நிறம் போய்விடும்.

வீட்டு மாடியில் பேனல் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். 1 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளைக்கு 4 யூனிட் கொடுக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் முதலில் கரண்ட் அட்டையை எடுத்துப் பாருங்க. இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் நமக்கு ஏற்கெனவே இலவசம். உங்கள் வீட்டில் ரெண்டு விளக்கு, விசிறி, டிவி மட்டும் ஓடி அதற்குள் அடங்கினால், இதற்காகக் கடன் வாங்க வேண்டாம், இது என் கருத்து. தையல் மெஷின் நாலு, மாவு மெஷின், ஃப்ரீசர் என்று பகலில் ஓட்டுகிறவர்கள் தாராளமாக யோசிக்கலாம்.

இன்னொரு விஷயம், இதைக் கேட்காமல் போடாதீர்கள். பேட்டரி இல்லாமல் லைனோடு சேர்த்த பேனல், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக்கூடாதென்று அப்படி வைத்திருக்கிறார்கள். 'மாடி முழுக்க சோலார், வீட்டுல இருட்டு' என்று பக்கத்துத் தெருவில் ஒரு தங்கச்சி புலம்புவது இதனால்தான். போட்டவர்கள் பேனலைக் காலையிலேயோ சாயங்காலமோ துடையுங்கள். உச்சி வெயிலில் சூட்டுக் கண்ணாடி மேல் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தென்னங்கீற்று நிழல் விழாத இடமாகப் பாருங்கள். அத்தைமார்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

எங்கள் கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி. கூடாரத்துச் சாவி இப்போது அந்த அக்காவிடம்தான் இருக்கிறது, அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பார்க்க வருகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல் வாங்க, அதற்கு முன்னே நாங்கள் பழம் பரப்பிக்கொண்டிருப்போம்.