கூலிப்படையும் கையறுநிலையும்
(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வடக்குப்பட்டில் 2022ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, கற்கருவிகளோடு ரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகளும் கிடைத்தன. யவனர் என்றவுடன் மிளகும் பொன்னும் மதுவும் தமிழர் நினைவுக்கு வருவது இயல்பு. அவர்கள் இங்கே வாளேந்திக் காவலும் காத்தனர். மதுரைக் கோட்டை வாயிலில் யவனக் காவலரை நிறுத்துகிறது சிலப்பதிகாரம். முல்லைப்பாட்டோ அவர்களைப் போர்க்களத்துக்கே அழைத்துச் செல்கிறது.

நப்பூதனார் காட்டும் அப்பாசறை நுணுகி நோக்கத்தக்கது. மன்னனின் கூடாரத்தை அமைப்போர் யவனர். உள்ளறையைச் சூழ்ந்து காப்போர் மிலேச்சர்; வாய் பேசாது சைகையால் உணர்த்துவோர். மொழி அறியாதவனிடம் மறைபொருள் கசியாது என்பது அக்காலத்து அரசியல் போலும்! இவர்கள் பொருள் பெற்றுப் பணிபுரிந்த அயலவர் எனக் கொள்வதே பொருந்தும்.

அவ்விரவில் மன்னனுக்கு உறக்கம் இல்லை. துதிக்கை துணிபட்ட யானையை எண்ணுகிறான். அம்பு தைத்த வலியால் உணவு மறுக்கும் குதிரையை எண்ணுகிறான். உண்ட சோற்றுக்கு உயிரால் ஈடு செய்து வீழ்ந்த வீரரை எண்ணுகிறான். விலங்குக்கும் இடம் தந்த அந்த நினைவில், கைக்கெட்டும் தொலைவில் நிற்கும் அயற்காவலனுக்கு இடம் இல்லை. செஞ்சோற்றுக் கடன் என்னும் உறவுக்குள் வந்தவனுக்கே புலவன் இரங்குகிறான். கூலி பெற்றவனோடு கணக்குத் தீர்ந்துவிடுகிறது. புறத்திணை கையறுநிலை என ஒரு துறையே வகுத்தது. அத்துறையில் கூலிவீரனைப் பாடுதல் மரபாகவில்லை.

இதற்கு மாறானதொரு சான்று ஈழ மண்ணில் உண்டு. சோழர் காலத்துப் படைப்பிரிவினரான வேளைக்காரரை இன்று 'வேலைக்காரர்' எனப் படிப்போர் ஏவலாள் எனப் பொருள் கொள்ளக்கூடும். உற்ற வேளையில் உயிர் கொடுப்பதாகச் சூளுரைத்தவர் என்பதே ஆய்வாளர் பலர் தரும் விளக்கம். அவருள் ஒரு பிரிவினர் சிங்கள மன்னன் முதலாம் விசயபாகுவிடம் பணிபுரிந்தனர். சோழர்மேல் படையெடுக்க அவன் ஏவியபோது மறுத்துக் கிளர்ந்தனர். படைத்தலைவரைக் கொன்று, அரண்மனைக்குத் தீயிட்டனர் என்கிறது சூளவம்சம். மன்னன் கிளர்ச்சியை ஒடுக்கினான். பின்னர், புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட கோயிலை உயிர் கொடுத்தும் காப்போம் எனப் பொலன்னறுவையில் அவர்களே தமிழில் கல்வெட்டுப் பொறித்தனர். கூலிக்கு வந்தவன் 'மாட்டேன்' என்றதும், தன் பெயரால் ஒரு கல் நட்டதும் வரலாற்றில் அரிய நிகழ்வுகள்.

அதே தீவில் ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்துக் கூலிப்படை வேறு கோலத்தில் வந்தது. பிரித்தானியச் சிறப்புப் படையிலிருந்து விலகியோர் நடத்திய கீனி மீனி சர்வீசஸ் என்னும் தனியார் நிறுவனம், 1984ஆம் ஆண்டு முதல் இலங்கைக் காவல்துறையின் சிறப்பு அதிரடிப்படைக்குப் பயிற்சி அளித்தது. பின்னர் அதன் விமானிகள் ஹெலிகாப்டர்களும் ஓட்டினர். தமிழ்க் குடிமக்கள் மடிந்துகொண்டிருந்த காலம் அது. இது தனியார் வணிகம் என்று கூறி பிரித்தானிய அரசு ஒதுங்கிக்கொண்டது. லண்டன் பெருநகரக் காவல்துறை போர்க்குற்ற விசாரணை தொடங்கியது 2020ஆம் ஆண்டில்தான். படை அனுப்பினால் நாடாளுமன்றத்தில் விடை சொல்ல வேண்டும். நிறுவனம் சென்றால் விடை சொல்வார் இல்லை. இன்றைய ஒப்பந்தப் படையின் உயிர்நிலை இதுவே.

ஈராக்கில் அது பெருந்தொழிலாயிற்று. 2007 செப்டம்பர் 16ஆம் நாள் பாக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் நிறுவனக் காவலர் சுட்டதில் 17 பேர் மாண்டனர். அமெரிக்க நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நால்வருக்கு 2020 டிசம்பரில் குடியரசுத் தலைவர் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார்.

துப்பாக்கி ஏந்தியவன் கதை இது. சட்டி கழுவியவன் கதை வேறு. சமைக்கவும் துப்புரவு செய்யவும் ஏழை நாடுகளின் இளைஞர்களே போர்முனைப் பாளையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஜோர்டானில் வேலை என நம்பிப் புறப்பட்ட நேபாள இளைஞர் 12 பேர், அமெரிக்கப் படைத்தளம் ஒன்றுக்குச் செல்லும் வழியில் கடத்தப்பட்டு, 2004 ஆகஸ்டில் கொல்லப்பட்டனர். செய்தி கேட்டுக் காத்மாண்டு கொதித்தெழுந்தது; ஆள் அனுப்பும் முகவர்களின் அலுவலகங்கள் தாக்கப்பட்டன. ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தம், முகவருக்குக் கீழ் முகவர் என்னும் அடுக்கு ஒரகடத்தில் ஆலைப் பேருந்து ஏறுவோர்க்கு விளக்க வேண்டியதன்று. சம்பளம் தருபவன் யார் என்பதே பலருக்குத் தெரியாது.

'கூலிப்படை' என்னும் ஒரு சொல்லால் தமிழ் ஏடுகள் கீனி மீனியையும் சுட்டும், பிளாக்வாட்டரையும் சுட்டும். பாளையத்துச் சமையற்காரனுக்கு அச்சொல் பொருந்தாது. அவனுக்கு வேறு சொல்லும் கிடைக்கவில்லை.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிடும் போர் இறப்புப் பட்டியலில் ஒப்பந்தப் பணியாளர் இடம்பெறுவதில்லை. அவர்தம் சாவுகள் காப்பீட்டுக் கோரிக்கைகளாகத் தொழிலாளர் துறையின் ஏட்டில் ஏறுகின்றன. கோரிக்கை வந்தால்தான் அக்கணக்கும்.