இலையான் கூறும் சாட்சி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரங்களிற் கருவாடு காயும் இடமெங்கும் பச்சையும் நீலமுமாய் மின்னும் இலையான்கள் மொய்ப்பதை நேயர்கள் அறிவர். மீனைக் கெடுத்துவிடும் என்பதனால் அவற்றை ஓயாது விரட்டுவர். அருவருக்கப்படும் அவ்வுயிர் நீதிமன்றத்திலே சாட்சியாகவும் வல்லது என்பதோ பலர் அறியாத செய்தி.

இச்சாட்சியம் புதியதன்று. சீன தேசத்து நீதிபதி சொங் ட்சு 1247ஆம் ஆண்டில் எழுதிய நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒருவன் அரிவாளால் வெட்டுண்டு இறந்தான். விசாரணைக்கு வந்த அதிகாரி, ஊரார் அரிவாள்களையெல்லாம் நிலத்தில் வைக்கச் செய்தார். ஒன்றை மட்டும் இலையான்கள் மொய்த்தன. கண்ணுக்குத் தெரியாது எஞ்சிய குருதியின் மணம் அவற்றை அழைத்தது. உடையவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

இக்காலத்தவர் நாடுவது குடம்பிகளின் வயதை. உயிர் நீங்கிய உடலை இவ்விலையான்கள் விரைவிற் கண்டு முட்டையிடும். வெப்பநாட்டில் முட்டை ஒரு நாளளவிற் பொரிக்கும். குடம்பி மூன்று பருவம் வளர்ந்து, மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகும். 10 முதல் 12 நாளளவில் சிறகு பெறும். ஆகவே, குடம்பியின் வயதை அறிந்தால், இறந்து குறைந்தது எத்தனை நாள் என்பதை அறியலாம். 1935இல் ஸ்கொத்லாந்தில் நிகழ்ந்த கொலை விசாரணையில் அலெக்சாண்டர் மேர்ன்ஸ் என்பார் புழுக்களின் வயதை 12 முதல் 14 நாள் எனக் கணித்தார்.

அந்நாட்டுக் கணக்கு யாழ்ப்பாணத்துக்குப் பொருந்துமா? பொருந்தாது. குளிரில் வளர்ச்சி தாமதிக்கும்; வெப்பத்தில் விரையும். சோளகம் வீசும் வறண்ட மாதங்களும் ஐப்பசி தொட்டுப் பொழியும் மாரியும் ஒன்றல்ல. மழையில் இலையான் பறப்பது குறையும். இரவில் முட்டையிடுவது அரிது. பூட்டிய அறைக்குட் புகத் தாமதிக்கும். கணக்கு ஓரிரு நாள் தவறினும் குற்றமற்றவன் கூண்டில் நிற்க நேரலாம், குற்றவாளி தப்பலாம். ஆதலின், எம்மாதத்தில் எவ்வினம் மிகும், எவ்வளவு விரைவில் வளரும் என்பதை அந்தந்த மண்ணிலேயே ஆராய்தல் வேண்டும். பொறியில் இறைச்சித் துண்டை வைத்து, மாதந்தோறும் அகப்படுவனவற்றை இனம் பிரித்து எண்ணுவதே அதன் தொடக்கம்.

பொதுமக்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஐயத்துக்கிடமான சடலத்தைக் கண்டோர் அருவருப்பினால் அதனைக் கழுவவோ, சுற்றியுள்ள மண்ணைக் கிளறவோ கூடாது. சட்ட வைத்திய அதிகாரி வரும்வரை அங்குள்ள புழுவும் கூட்டின் கோதும் உள்ளபடியே இருத்தல் வேண்டும். இறந்தவன் பொருட்டுப் பேச எஞ்சியிருக்கும் சாட்சி அவை மட்டுமாகவே இருக்கலாம்.