சட்டி கை மாறும்போது மட்டும் ஒற்றுமை போதுமா?

(மீஞ்சூர் ஒன்றியக் கூட்டமைப்புக் கூட்டத்தில், கட்டட வேலை செய்யும் உறுப்பினர் ஒருவர் பேசியது)



கட்டட வேலைக்குப் போறவங்க கை தூக்குங்கன்னு சொன்னதும் எத்தனை கை பாருங்க! நானும் சித்தாள்தான். அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி, கும்மிடிப்பூண்டி சிப்காட் என்று எல்லாப் பக்கமும் சட்டி சுமந்திருக்கேன்.

தளம் போடுற நாளை நினைச்சுப் பாருங்க. மெஷின்ல ஒருத்தர் ஜல்லி கொட்டுறார், ஒருத்தர் சிமெண்ட் மூட்டை பிரிக்கிறார். சாரத்துல வரிசையா நின்னு சட்டியைக் கை மாத்துறோம். மேலே கொத்தனார் மட்டம் பார்க்கிறார். தண்ணி பட்ட சிமெண்ட் நமக்காகக் காத்திருக்காது, கொஞ்ச நேரத்தில் இறுக ஆரம்பிச்சிடும். நடுவுல வரிசை அறுந்து வேலை நின்னா, பழைய கலவையும் புதுக் கலவையும் ஒட்டாது. அந்த இடத்தில்தான் பின்னாடி மழைத்தண்ணி ஒழுகும். அதனால் பாஷை தெரியாத வடமாநிலத்துத் தம்பிகூட நம்மகிட்ட சட்டியை ஒழுங்கா வாங்கிக்கிறார். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துறதும் நாமதான்.

இவ்வளவு சேர்ந்து செய்யுற நாம, சனிக்கிழமை கூலி வாங்கும்போது மட்டும் தனித்தனியா நிக்கிறோம். "உனக்கு எவ்வளவு கொடுத்தாங்க?" என்று பக்கத்தில் இருப்பவளைக் கேட்கவும் கூச்சம். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976லேயே சட்டம் வந்தாச்சு. தனியாக் கேட்டா அந்தச் சட்டம் யார் காதிலும் விழாது.

சேர்ந்து கேட்டதால் கிடைத்தது ஒன்று இருக்கிறது. 1979இல் சென்னையில் கட்டடத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். பெண்களும் அதில் முன்னால் நின்றார்கள். 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1994இல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. 1985இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் நாடு முழுக்க இயக்கம் நடந்து, 1996இல் மத்தியச் சட்டமும் வந்தது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று கட்டுகிறவரிடம் நிதி வசூலித்து வாரியத்துக்குப் போகிறது. பிள்ளை படிப்பு, பிரசவம், விபத்து, 60 வயசுக்கு மேல் பென்ஷன் எல்லாம் அதிலிருந்துதான். யாரும் நமக்குத் தானமாக் கொடுக்கலை. ஆனா அட்டை இல்லாதவளுக்கு அதில் ஒரு பைசாவும் கிடையாது.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்துது. பையன் ஒருத்தன் சித்தாளா வந்தா, ரெண்டு மூணு வருஷத்துல கரண்டி பிடிச்சிடுறான். நமக்கு இருபது வருஷம் ஆனாலும் சும்மாடுதான். கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாச் சேர்ந்து வீடே கட்டித் தர்றாங்க. ஜார்க்கண்டில் "ராணி மிஸ்திரி" என்று பெயர் வாங்கிய பெண்கள் ஊர் ஊராகக் கழிவறை கட்டினாங்க. அவங்க கையும் நம்ம கை மாதிரிதானே?

ஒருத்தி போய்க் கேட்டா, "உனக்கு எதுக்கும்மா இது?" என்பார் மேஸ்திரி. நாலு பேர் சேர்ந்து கேளுங்க. டைல்ஸ் ஒட்டப்போற பாத்ரூம் சுவரை முதலில் கேளுங்க. பூச்சு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் டைல்ஸ் மூடிடும், அவருக்கும் பயமில்லை. ரசமட்டமும் தூக்குக்குண்டும் பழகிட்டா, ஒரு குழுவாவே சின்னச் சின்னக் கழிவறை வேலை, காம்பவுண்டு சுவர் வேலை பேசி எடுக்கலாம். கரண்டி, மட்டக்கோல் வாங்கக் குழுக்கடன் இருக்கு.

வாரியப் பதிவுக்கு 18 வயசு முதல் 60 வயசு வரை விண்ணப்பிக்கலாம். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், போட்டோ, வேலை செய்வதற்கான சான்று எடுத்துட்டு வாங்க. பதிவு இப்போ ஆன்லைனில்தான் என்பதால், ஒவ்வொருத்தரா அலையாம ஒரு குழுவுக்கு ஒரு நாள் என்று வெச்சுக்கலாம். முதலில் 60 வயசை நெருங்குறவங்க பேரைச் சொல்லுங்க.