குடும்பப் பெயர்க் கட்டம்



வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவருக்கு ஒரு சங்கடம் நன்கு பழக்கமானது. விண்ணப்பத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு மற்றொரு கட்டம். நம்மில் பெரும்பாலோருக்கோ தந்தை பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. காகிதத்தில் எழுதிய நாளில், அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவோம். குமாஸ்தாவும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். கம்ப்யூட்டர் சிரிப்பதில்லை.

புனே நகரில் மென்பொருள் மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வருகிறேன். ஒரு முறை என் மாணவர் சிலர், மருத்துவரைக் காண முன்பதிவு செய்வதற்கென ஒரு திட்டத்தை இயற்றிக் கொணர்ந்தனர். பிழையின்றி ஓடிற்று. அண்டை வீட்டுத் தமிழ் மூதாட்டியார் ஒருவரை அழைத்து வந்து அதன்முன் அமர்த்தினேன். ஓய்வு பெற்ற ஆசிரியை; ஆங்கிலம் நன்கு அறிந்தவர். மாணவர்களுக்கு நான் விதித்த நிபந்தனை ஒன்றே: வாய் திறத்தல் கூடாது, கண்டதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

அம்மையார் குடும்பப் பெயர்க் கட்டத்தில் தம் தலைப்பெழுத்தை இட்டார். இரண்டு எழுத்தேனும் வேண்டும் என்று சிவப்பில் தோன்றியது. கணவர் பெயரை இட்டார், ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆதார் அட்டையில் அப்படி இல்லையே என்று தயங்கிக் கையை எடுத்துவிட்டார். "எனக்குத்தான் தெரியவில்லை, மன்னியுங்கள்" என்றார். மாணவர்கள் தலைகுனிந்தனர்.

அந்த விதியை எழுதிய மாணவன் அன்றிரவு தன் குறிப்பேட்டில், "இதை எழுதும்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவர் பெயரெல்லாம் அப்படியிருந்தன" என்று எழுதியிருந்தான். அவன் பிழை செய்ததாகவே அதுவரை அவனுக்குத் தோன்றவில்லை. எந்தச் சோதனையும் அதைக் காட்டியிருக்காது.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியராயிருந்த டொனால்ட் ஷோன், தொழில் வல்லுநர் எங்ஙனம் சிந்திக்கின்றனர் என்பது பற்றி 1983-இல் ஒரு நூல் வெளியிட்டார். கட்டடக் கலை மாணவி வரைபடத்துடன் திண்டாடுகையில், ஆசிரியர் அருகிருந்து வரைந்துகொண்டே பேசுவதை அதில் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார். கற்ற விதியைப் பொருத்துவது மட்டும் தொழிலறிவு ஆகாது; செய்யும்போதே செய்வதைத் திரும்பிப் பார்ப்பதும் அதில் அடங்கும் என்பது அவர் கொள்கை. எங்கள் துறையில் இதற்கு மதிப்பெண் எவ்வாறு இடுவது என்பதே பெரிய தகராறு! ஓடும் நிரலுக்கு இடுவது எளிது. நான் குறிப்பேட்டுக்கும் இடுகிறேன். மாணவர்கள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள்.

அடுத்த வாரம் அம்மையார் மீண்டும் வந்தார். முழுப் பெயருக்கு ஒரே கட்டம், எளிதில் கடந்தார். பின்னர் ஓ.டி.பி. கேட்டது. அது சென்னையிலிருக்கும் மகனுடைய கைப்பேசிக்குப் போயிற்று. மகன் எடுக்கவில்லை. மாணவர்கள் ஒன்றும் பேசாமல் குறிப்பேட்டைத் திறந்தனர்.