எட்டாம் மாசப் பிள்ளை

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் நம்ம குழு உறுப்பினர் ஒருவரின் மருமகளுக்கு எட்டாம் மாசமே பிரசவம் ஆகிவிட்டது. 108-ல் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பார்க்கப் போன நம்மில் சிலரே, "ஏழாம் மாசம்னா பொழைக்கும், எட்டுன்னா பொழைக்காது"ன்னு அந்தப் பெண்ணின் காதில் விழப் பேசிவிட்டோம். அது தப்பு. வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடக்கூட குழந்தையின் நுரையீரல் பலப்படும். ஏழை விட எட்டு நல்லது. அந்தக் குழந்தையை அம்மா மார்போடு அணைத்து வைத்தே தேற்றிவிட்டாள்.

37 வாரம் முடியும் முன் பிறந்தால் அது குறைமாதப் பிரசவம். 2020-ல் உலகத்தில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. அதில் ஏறக்குறைய 30 லட்சம் நம் நாட்டில்.

உடனே "ராசியில்லாத மருமக" என்கிறோம். இரட்டைக் குழந்தை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரில் கிருமி இருந்தால் பிரசவம் முந்தலாம். சிலருக்குக் காரணமே தெரிவதில்லை. ஆனால் சின்ன வயசில் கல்யாணம், இரண்டு வருஷ இடைவெளிகூட இல்லாமல் அடுத்த பிள்ளை, ரத்த சோகை, வெற்றிலையோடு புகையிலை, வீட்டில் அடி உதை, இதெல்லாமும் ஆபத்தைக் கூட்டும். இதில் அந்தப் பெண் தானே முடிவு பண்ணியது எத்தனை? கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவளுக்கு ரத்தம் எப்படி ஊறும்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்த சோகை உள்ளவர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தப் பெண் ஏழாம் மாசத்திலும் மீன் கூடையைத் தலையில் தூக்கி வெயிலில் நடந்தாள். மாமியார் வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட. அது நம்ம குழுக் கடன்தான். அதனாலேயே பிரசவம் முந்தியது என்று சொல்ல முடியாது. ஆனால் பாரம் தூக்குவதும் நாள் முழுக்க நிற்பதும் ஆபத்தைக் கூட்டும் என்று தெரிந்தும், நாம் வட்டிக் கணக்கைத்தான் பார்த்தோம். "இந்த மாசம் இருக்கட்டும்மா"ன்னு ஒருத்தரும் சொல்லலை.

அதனால் ஒரு தீர்மானம் வைக்கிறோம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஆறாம் மாசத்திலிருந்து தவணையைத் தள்ளிப்போடலாம், அபராதம் கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிப் பணம் வந்தால் அதைத் தவணைக்குக் கேட்கக்கூடாது. அது அவள் சாப்பாட்டுக்கு.

நாள் ஆவதற்கு முன்பே வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ கஷாயம் வைத்துக் காத்திருக்காதீர்கள். சீக்கிரம் போனால் குழந்தையின் நுரையீரலுக்காக அம்மாவுக்கே ஊசி போடுவார்கள். தாமதமானால் அதற்கு நேரம் இருக்காது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பிரதிநிதிகள் தங்கள் குழுக் குடும்பங்களில் உள்ள கர்ப்பிணிகளின் பட்டியலையும், அந்த வீட்டுத் தவணை விவரத்தையும் கொண்டு வாங்க.